செவ்வாய், வியாழன், சனி

எங்க வீட்டு சுவர்ல பங்கு கோயில் காலண்டர் தொங்குது, அதுல செவ்வாய், வியாழன், சனி கட்டத்துல எல்லாம் பென்சில்ல ஒரு பேர் இருக்கும். எழுதுனது எங்க அன்பியத்து பெரியம்மா. தர்மபுரி மறைமாவட்டம் சேலத்துல இருந்து பிரிஞ்ச 1997லயே கோயில் வேலை பாத்துட்டு இருந்தவங்க.

எங்க வீட்டுக்காரர் லாரி ஓட்டுனவர், கிருஷ்ணகிரி சுத்துப்பட்டு மாங்கூழ் ஃபேக்டரிக்கெல்லாம் லோடு அடிப்பார். ரெண்டு வருஷம் முன்னாடி கால் வீங்குச்சு, மூச்சு வாங்குச்சு, டெஸ்ட் எடுத்தா ரெண்டு கிட்னியும் போச்சுன்னுட்டாங்க. வாரம் மூணு நாள் டயாலிசிஸ், ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால அதுக்கு காசு கட்டல, ஆனா அவர் சம்பளம் நின்னுபோச்சு, முடிச்சுட்டு வரும்போது பஸ்ல நிக்க அவருக்கு தெம்பு இருக்காது, தினம் ஆட்டோவுக்கு எங்க போறது, நான் கூட போனா தையல் மிஷின் ஓடாது, மிஷின் ஓடலன்னா அடுப்பு எரியாது.

யார்கிட்டயும் சொல்லல நான். அன்பியம்னா தெரியாதவங்களுக்கு சொல்றேன், பக்கத்து பக்கத்துல இருக்குற இருபது முப்பது கத்தோலிக்க குடும்பம் சேர்ந்து, முறை வெச்சு ஒவ்வொருத்தர் வீட்டுலயா மெழுகுவத்தி ஏத்தி பைபிள் வாசிச்சு ஜெபிக்கிறது. எங்க வீட்டு முறை வந்தப்ப எல்லாம் தள்ளிப்போட்டேன். மூணாவது தடவை தள்ளுன அன்னைக்கு சாயங்காலமே பெரியம்மா வந்து நின்னுட்டாங்க. “ஏம்மா, வீட்டுக்கு வர வேணாங்கற அளவுக்கு என்ன ஆச்சு?” அவ்ளோதான் கேட்டாங்க, நான் உடைஞ்சுட்டேன். “அவங்கவங்க பாரத்த அவங்கவங்கதான சுமக்கணும், பைபிள்லயே அப்படித்தான பெரியம்மா இருக்கு”ன்னேன். “அது கலாத்தியர் ஆறுல அஞ்சாவது வசனம், அதுக்கு மேல ரெண்டாவது வசனத்த படி”ன்னாங்க. ஒருத்தர் பாரத்த ஒருத்தர் தாங்கணும்னு அங்க இருக்கு.

அடுத்த ஞாயிறு பூசை முடிஞ்சு பெரியம்மா வந்து காலண்டர எறக்கி, இவர டயாலிசிஸுக்கு எந்த நாள் யார் கூட்டிட்டு போறதுன்னு பென்சில்ல எழுத ஆரம்பிச்சாங்க. சொசைட்டிக்கு பால் ஊத்துற அண்ணன் செவ்வாய், ஓசூர் கம்பெனியில நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்ற தம்பி வியாழன். சனிக்கிழமை எதிர் வீட்டு அண்ணன், அவர் முருகனுக்கு மாலை போடுறவர், என் பேரையும் போடுங்கன்னு அவரே கேட்டார்.

டயாலிசிஸ் ஊசி போடுற கைய தொட்டா உள்ள குறுகுறுன்னு ரத்தம் ஓடுறது தெரியும், அந்த கையில வெயிட் தூக்கக்கூடாது, பிரஷர் பாக்கக்கூடாது. இத ஒரு தடவைதான் சொன்னேன், அந்த ஓசூர் தம்பி பைய தன் கழுத்துல மாட்டிக்கிட்டு இவர மெதுவா வண்டியில ஏத்துவான்.

சாப்பாடு இன்னொரு கஷ்டம். பொட்டாசியம் ஏறும்னு இளநி ஆகாது, மாம்பழம் ஆகாது, கீரைய வேகவெச்சு தண்ணிய கொட்டிட்டுதான் தரணும். நம்ம ஊர்ல ஜூன் மாசம் மாம்பழம் இல்லாத வீடு உண்டா? நோயாளிய பாக்க வந்தா இளநிதான கொண்டு வருவாங்க? பெரியம்மா கூட்டத்துல எல்லாருக்கும் சொல்லி வெச்சுட்டாங்க. அதுக்கப்புறம் வர்றவங்க எல்லாம் முட்டை கொண்டு வந்தாங்க, வெள்ளைக்கரு அவருக்கு நல்லதுன்னு.

எல்லாமே இதமா இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். வேற ஒரு ஜெபக்குழுவுல இருந்து வந்த ஒருத்தர், ஏதோ பாவம் இருக்கு, டயாலிசிஸ விட்டுட்டு விசுவாசமா ஜெபிங்கன்னார். அன்னைக்கு ராத்திரி இவர் கஞ்சி கூட குடிக்கல. பெரியம்மா யோவான் ஒன்பதாம் அதிகாரத்த எடுத்து வாசிச்சாங்க, பிறவியிலயே கண்ணு தெரியாதவர பாத்து இது யார் செஞ்ச பாவம்னு சீடருங்க கேக்குறாங்க, இவரும் பாவம் செய்யல இவரப் பெத்தவங்களும் செய்யலன்னு இயேசு சொல்றார். வாசிச்சு முடிச்சுட்டு “நாளைக்கு வியாழக்கிழமை, அஞ்சு மணிக்கு தம்பி வந்துடுவான், ரெடியா இருப்பா”ன்னு இவர்கிட்ட சொல்லிட்டு கிளம்பினாங்க. இவர் எந்திரிச்சு காலண்டர பாத்தார்.

போன மாசம் பெரியம்மாவே வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு படுத்திருக்காங்க. அவங்க வீட்டு காலண்டர்ல திங்களும் புதனும் என் பேர். ராகிக் கஞ்சி வெச்சு எடுத்துட்டு போவேன், உப்பு கம்மியா இருக்குன்னு ஒவ்வொரு தடவையும் திட்டுவாங்க.