இன்ட்ரெபிட் கப்பலில் பாய் கட்டிய இடம்

12 ஏப்ரல் 2025, சனிக்கிழமை

வேலைக்குப் போகும் படகில் ஹட்சன் ஆற்றைக் கடக்கும்போதெல்லாம் தொலைவிலிருந்தே பார்த்துப் பழகிய இன்ட்ரெபிட் கப்பலுக்குள் இன்றுதான் முதன்முறையாகக் கால் வைத்தேன். மன்ஹாட்டனின் மேற்குக் கரையில், 86-ஆம் எண் துறையில், 872 அடி நீளத்துக்கு அது நிற்கிறது. 1943 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரின் பசிபிக் களத்தில் போரிட்டு, பின்னர் வியட்நாம் வரை சென்று, 1974-இல் ஓய்வு பெற்ற விமானந்தாங்கிக் கப்பல் இது.

மேல்தளத்தில் ஏ-12 உளவு விமானத்தையும் என்டர்பிரைஸ் விண்ணோடத்தையும் காணப் பெருங்கூட்டம். அவற்றை விரைவாகப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். நான் தேடி வந்தது போர்க்காலக் கப்பலை. விமானங்களை நிறுத்திவைத்த நடுத்தளத்தில் அவெஞ்சர் விமானம் ஒன்று இறக்கைகளை மடக்கிக்கொண்டால் எவ்வளவு சிறிய இடத்தில் அடங்கும் என்று கணக்குப் போட்டபடி நெடுநேரம் நின்றேன். ஏறத்தாழ நூறு விமானங்களையும் மூவாயிரம் பேரையும் சுமந்த கப்பலில், இடம்தான் எல்லாவற்றையும் விட அரிய பொருளாக இருந்திருக்க வேண்டும்.

மாலுமிகளின் படுக்கைகளைப் பார்த்தபோது அது இன்னும் தெளிவாகப் புரிந்தது. இரும்புக் குழாய்ச் சட்டத்தில் கித்தானைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நடுப்படுக்கையில் இருப்பவர் ஒருக்களித்துப் படுத்தால் அவருடைய தோள் மேலே படுத்திருப்பவரின் முதுகில் இடிக்கும். கித்தானின் விளிம்பில் வரிசையாக இருக்கும் துளைகளில் கயிறு ஏறி இறங்கிச் செல்கிறது. தளர்ந்தால் அவிழ்த்து மீண்டும் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம்.

கப்பலின் முன்முனையான அணியத்தில் நங்கூரச் சங்கிலிகள் கிடக்கும் அறைக்கு வந்தபோது ஒரு குழப்பம் ஏற்பட்டது. 1944-இல் கப்பலின் திசையைத் திருப்பும் சுக்கான் பழுதானபோது, காற்றைப் பிடிக்கும் கப்பல்பாய் ஒன்றை இங்கேதான் கட்டினார்கள் என்று படித்திருக்கிறேன். ஆனால் நான் நின்ற இடமோ நாற்புறமும் இரும்புத் தகட்டால் அடைக்கப்பட்ட அறை.

13 ஏப்ரல், ஞாயிறு

இந்தக் கப்பலும் உடைக்கப்பட இருந்ததுதான். நியூயார்க்கில் கட்டடத் தொழில் நடத்திய ஸக்கரி ஃபிஷர் 1970-களின் இறுதியில் முயற்சி எடுத்திராவிட்டால், பழைய இரும்பாகவே போயிருக்கும். அவருடைய உழைப்பால் 1982-இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இதே எசெக்ஸ் வகையில் கட்டி முடிக்கப்பட்ட 24 கப்பல்களில் இன்று எஞ்சியிருப்பவை நான்கு மட்டுமே. போரில் மிகுதியான விருதுகளைப் பெற்ற பழைய என்டர்பிரைஸ் கப்பலை 1950-களின் இறுதியில் உடைத்தே விட்டார்கள். நம்முடைய பழைய விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலும் மும்பையில் 2012 வரை அருங்காட்சியகமாக இருந்தது. 2014-இல் உடைக்கக் கொடுக்கப்பட்டது. அதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் மனம் ஆறுவதில்லை.

16 ஏப்ரல், புதன்கிழமை

சரியாக எண்பது ஆண்டுகளுக்கு முன், 1945 ஏப்ரல் 16-ஆம் நாள், ஒக்கினாவா போரின்போது ஜப்பானியரின் காமிகாசே, அதாவது தற்கொலைத் தாக்குதல், விமானம் ஒன்று இன்ட்ரெபிட்டின் மேல்தளத்தில் மோதியது. எட்டுப் பேர் இறந்தார்கள். தீயை அணைத்து, தளத்தைச் செப்பனிட்டு, மூன்று மணி நேரத்தில் மீண்டும் விமானங்களை இறக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே, 1944 நவம்பர் 25 அன்று ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு விமானங்கள் மோதி, அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர்.

இன்று என் மனத்தில் நிற்பது அதற்கும் முந்தைய ஒரு நாள். 1944 அக்டோபர் 29 அன்று இடப்புறப் பீரங்கி மேடை ஒன்றின் மீது காமிகாசே விமானம் விழுந்து பத்துப் பேர் இறந்தனர். பத்தாம் எண் மேடை எனப்பட்ட அதில் நின்றவர்கள் கறுப்பின மாலுமிகள். அக்காலக் கடற்படையில் கறுப்பினத்தவர் பெரும்பாலோருக்குக் கிடைத்தது சமைப்பதும் அதிகாரிகளுக்கு உணவு பரிமாறுவதுமான வேலைதான். அந்த வேலையில் இருந்தவர்களே போர் நேரத்தில் பீரங்கியைப் பிடித்து, விமானம் தங்கள் மீது விழும்வரை சுட்டார்கள். உயிர் பிழைத்த அலோன்சோ ஸ்வானுக்கு நேவி கிராஸ் என்னும் உயரிய விருது வாக்களிக்கப்பட்டு, அதைவிடக் குறைந்த பதக்கமே தரப்பட்டது. நீண்ட போராட்டத்துக்குப் பின் 1993-இல்தான் உரிய விருது அவர் கைக்கு வந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு! அந்தத் தாமதத்தை மன்னிக்க எனக்குத் தோன்றவில்லை.

19 ஏப்ரல், சனிக்கிழமை

இன்று மகனையும் அழைத்துக்கொண்டு போனேன். நேராக அணியத்துக்கே சென்றோம். படகிலேயே அவனுக்குக் கதையைச் சொல்லியிருந்தேன்.

1944 பிப்ரவரி 17 அன்று அமெரிக்கக் கப்பற்படை பசிபிக் கடலின் ட்ரக் தீவுகளில் இருந்த ஜப்பானியத் தளத்தைத் தாக்கியது. அன்றிரவு ஜப்பானிய விமானம் ஒன்று வீசிய, நீருக்கடியில் பாய்ந்து வெடிக்கும் டார்பிடோ, இன்ட்ரெபிட்டின் வலப்புறப் பின்பகுதியில், நீர்மட்டத்துக்குக் கீழே தாக்கிச் சுக்கானை வளைத்துவிட்டது. கப்பல் தானாகத் திரும்பத் தொடங்கியது. தலைவர் தாமஸ் ஸ்ப்ராக், இடப்புற எந்திரங்களை முழு வேகத்தில் ஓட்டியும் வலப்புற எந்திரங்களை நிறுத்தியோ மெதுவாக்கியோ அதை ஒருவாறு நேராகச் செலுத்தினார். காற்று முன்பகுதியைத் தள்ளி உதவட்டும் என்று, தளத்தில் நின்ற விமானங்களையெல்லாம் முன்னே நகர்த்தி நெருக்கி நிறுத்தினார்கள். இரண்டு நாள் கழித்துக் காற்று வலுத்ததும் அதுவும் பயன்படவில்லை. கப்பலின் அணியம் டோக்கியோவின் பக்கமே திரும்பித் திரும்பி நின்றது. அப்போதுதான் மாலுமிகள் கிடைத்த கித்தான் துண்டுகளையும் திறப்புகளை மூடும் விரிப்புகளையும் சேர்த்துத் தைத்து ஒரு பாய் செய்து, அணியத்தில் கட்டினார்கள். நீராவிச் சுழலிகளால் ஓடும் 27,000 டன் எடையுள்ள கப்பல், ஒட்டுப்போட்ட பாயின் துணையோடு பிப்ரவரி 24 அன்று பேர்ல் துறைமுகம் வந்து சேர்ந்தது.

சங்கிலியின் ஒரு கண்ணியைத் தொட்டுப் பார்த்தபடியே மகன் கேட்டான்: "அப்பா, இது மூடிய அறைதானே? பாயில் காற்று எப்படிப் பட்டிருக்கும்?"

சென்ற வாரம் நான் குழம்பிய அதே இடம். கைப்பேசியில் சேமித்து வந்த 1940-களின் படத்தைத் திறந்து காட்டினேன். அதில் அணியத்தின் முன்புறம் திறந்தே கிடக்கிறது. அதற்கு மேலே விமான ஓடுதளத்தின் முனை தூண்களின் மேல் தனியாக நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே காற்று தடையின்றிப் புகுந்து வெளியேறும். அந்த இடைவெளியில்தான் பாயை விரித்திருக்கிறார்கள். 1957-இல் முடிந்த சீரமைப்பின்போது ஓடுதளம் வரை இரும்புத் தகடு எழுப்பி, புயல் அலைகளைத் தாங்கும்படி முன்புறத்தை அடைத்துவிட்டார்கள். நாங்கள் நின்ற சுவர், பாய் கட்டப்பட்ட நாளில் இல்லாத சுவர்.

மகன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு தலையை உயர்த்தி, மேலே உத்தரத்தில் கயிறு கட்டக்கூடிய இடம் எதுவென்று தேடினான். இரண்டு வளையங்களைச் சுட்டிக்காட்டினான். அவை பழையவையா பிற்காலத்தவையா என்று எனக்குத் தெரியவில்லை என்றேன். வெளியே வந்து, பன்னிரண்டாம் அவென்யூவை நோக்கியிருக்கும் அணியத்தின் கீழே நின்று, அடைக்கப்பட்ட அந்த முகப்பைக் கழுத்து வலிக்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.