லவ்டேல் குளிரில் ஒரு பிரெட் மெஷின்: 31 பிரெட் கணக்கு

போன டிசம்பரில் ஐயாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு பிரெட் மெஷின் வாங்கினேன். ஊட்டியில் பேக்கரிக்கா பஞ்சம் என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய வர்க்கியே இங்கே தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. ஆனால் பனி கொட்டும் காலை ஆறு மணிக்கு, சூடான பிரெட்டுக்காக லவ்டேலிலிருந்து டவுனுக்கு யார் போவது? ராத்திரி மாவைப் போட்டுவிட்டுப் படுத்தால் விடியும்போது பிரெட் தயார் என்று விளம்பரத்தில் போட்டிருந்தான். நம்பிவிட்டேன்.

முதல் பிரெட் செங்கல். கூடவே வந்த புத்தகத்தில் இருந்தபடி, அவர்கள் கொடுத்த கப்பிலேயே அளந்து போட்டதுதான். அடியில் மாவு பிசையும் பிளேடு குத்தி நின்ற ஓட்டை, மேலே வெளிறிய தோல், நடுவே பிசுபிசுப்பு. இரண்டாவதும் அதே கதை. குளிரில் ஈஸ்ட் வேலை செய்யவில்லை என்று நானே முடிவு கட்டி, ஒன்றரை டீஸ்பூனை இரண்டாக ஏற்றினேன். ஓரளவு எழும்பியது. ஜனவரி முழுக்க அப்படியே ஓட்டினேன். சாப்பிட முடிந்தது, கொஞ்சம் கள் வாடை.

அந்தச் சமயத்தில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் கிச்சன் தராசு வாங்கியது. மைதாவை அந்தக் கப்பால் அள்ளி எடை போட்டேன்: ஒரு முறை 128 கிராம், அடுத்த முறை 151. மூன்று கப்புக்கு அறுபது, எழுபது கிராம் தள்ளிப்போனால் மெஷின் பாவம் என்ன செய்யும்? கப் இப்போது அரிசி டப்பாவில் இருக்கிறது.

ஏப்ரலில் வெயில் வந்ததும் வேறு கூத்து. அதே அளவு, அதே மெஷின். மூடியின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மாவு அழகாக எழும்பிக் கண்ணாடியைத் தொட்டது. குஷியாகிப் போட்டோகூட எடுத்தேன். பேக் ஆரம்பித்த பத்தாவது நிமிடம் நடுவில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. வெளியே எடுத்தபோது மேலே ஒரு பள்ளம், அதில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றலாம்.

எங்கள் லைனில் ஒரு பெரியவர் இருக்கிறார். முப்பது வருடம் விறகு அடுப்பில் வர்க்கி போட்டவர், எல்லாருக்கும் மாஸ்டர். ஒரு துண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். முகர்ந்து பார்த்தார்.

"ஈஸ்ட் எவ்ளோமா போட்ட?"

சொன்னேன்.

"இது என்ன மெட்ராஸா? மலையில மாவு தானா குதிக்கும். பாதியாக் கொற."

"ஜனவரில குதிக்கவே இல்லையே அண்ணே?"

"ஜனவரில நீயே குதிக்க மாட்ட. தண்ணிய சூடு பண்ணி ஊத்து. ஈஸ்ட்ட ஏன் ஏத்துற?"

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தபோதுதான் இரண்டு விஷயங்கள் எதிரெதிராக இழுப்பது புரிந்தது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர். இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஈஸ்ட் விடும் வாயுவை அழுத்திப் பிடிக்க வெளியே ஆள் குறைவு. அதே வாயு இங்கே கூடுதலாக உப்புகிறது. குளுட்டன் வலை, அதாவது வாயுவைப் பிடித்து வைக்கும் மைதாவின் புரத வலை, கெட்டிப்படுவதற்குள் மாவு வேகமாக எழும்பி, தன் எடை தாங்காமல் சரிகிறது. மலை மாவை முடுக்குகிறது. குளிரோ ஈஸ்டைத் தூங்க வைக்கிறது. மெஷினுக்கு இரண்டும் தெரியாது. அதன் கடிகாரம் மூன்று மணி இருபது நிமிடம் என்றால் மே மாதமும் அதுதான், மார்கழியும் அதுதான். நான் என்னடாவென்றால் குளிருக்கான மருந்தாக ஈஸ்டை ஏற்றி, வெயில் வந்ததும் அதிலேயே மாட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 2.5 கிராம்தான், 350 கிராம் மைதாவுக்கு. குளிர்காலத்தில் 3. அதற்கு மேல் கிடையாது. மிச்சத்தைத் தண்ணீரின் சூட்டில் சரி செய்கிறேன். வெயில் நாளில் குழாய்த் தண்ணீர் போதும். குளிர் நாளில் 40 டிகிரி வரை, அதாவது குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு. பிசைந்த மாவு 25 டிகிரி பக்கம் இருந்தால் அன்றைக்குப் பிரெட் தப்பாது. மாவில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வைத்திருக்கிறேன்.

அந்தத் தெர்மாமீட்டரே ஒருமுறை என்னை ஏமாற்றியது. பிரெட்டின் உள்ளே 95 டிகிரி வந்தால் வெந்துவிட்டது என்று எங்கோ படித்திருந்தேன். மெஷின் கூவி முடித்ததும் குத்திப் பார்த்தால் 91. 'பேக்' மோடில் இன்னும் பத்து நிமிடம், 92. மறுபடி பத்து, அப்போதும் 92. மூன்றாவது முறையோடு தோல் விறகாகிவிட்டது. சாயங்காலம் பருப்புக்குக் குக்கர் வைக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. இந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாததும் அதனால்தானே! ஈரம் இருக்கும்வரை பிரெட்டின் உள்சூடு அதைத் தாண்டாது. இப்போது 90 வந்தால் எடுத்துவிடுகிறேன்.

இனி பிசையும் நேரம். மெஷினில் போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்பது பொய். முதல் பத்து நிமிடம் மூடியைத் திறந்து பக்கத்தில் நிற்க வேண்டும். 1987-ல் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் இந்த மாதிரி மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, ஒசாகாவில் ஒரு ஹோட்டல் பேக்கர் மாவை முறுக்கி இழுப்பதைப் பார்த்துப் பழகி, அதற்காகவே பாத்திரத்தின் உட்சுவரில் மேடுகள் வைத்தார்களாம். என் மலிவு மெஷினிலும் அந்த மேடு இருக்கிறது. உருண்டை அதில் ஒரு பக்கம் ஒட்டி, இழுபட்டு, விட்டு வர வேண்டும். மாவு தண்ணியாக இருந்தால் அடியில் குளம் மாதிரி சுற்றும். கெட்டியாக இருந்தால் உருண்டை டொக் டொக்கென்று சுவரில் இடிக்கும். மற்ற வேலையில் இருந்தாலும் அந்தச் சத்தம் காதில் விழும். டொக் கேட்டால் ஒரு டீஸ்பூன் தண்ணீர், குளமானால் ஒரு டீஸ்பூன் மைதா. ஜூலை மூடுபனியில் மாவே ஈரம் குடித்துவிடுவதால் தண்ணீரில் பத்து கிராம் முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறேன்.

ஜூலையில் இன்னொரு தொல்லை கரண்ட். மழைக்காற்றில் ஒரு மரம் சாய்ந்தால் போதும். என் மெஷின் பத்து நிமிடம் வரைதான் ஞாபகம் வைத்திருக்கும். அதற்கு மேல் போனால் முதலிலிருந்து பிசைய ஆரம்பித்துவிடும். அப்போது ஆஃப் செய்து, மாவு எழும்பும்வரை காத்திருந்து, 'பேக்' மட்டும் போட வேண்டும். ராத்திரி டைமர் வைத்துவிட்டுத் தூங்கும் ஆசையை அத்தோடு விட்டேன்.

பிரெட் எப்படி இவ்வளவு மென்மை என்று நிறையப் பேர் கேட்டார்கள். அது உருளைக்கிழங்கால் வந்தது. வேகவைத்து மசித்த ஊட்டிக் கிழங்கு 60 கிராம், தண்ணீர் 180, மைதா 350, உப்பு 6, சர்க்கரை 10, வெண்ணெய் 15, ஈஸ்ட் மேலே சொன்னபடி. முதலில் தண்ணீரும் கிழங்கும், அதன்மேல் மாவு, உப்பு ஒரு மூலையில், ஈஸ்ட் உச்சியில் குழி பறித்து. மூன்றாம் நாளும் காயவில்லை. எழும்பிய மாவின் காற்றை மெஷின் கடைசி முறையாக இறக்கிச் சுற்றி முடித்ததும் மாவைத் தூக்கி பிளேடை உருவிவிட்டால், பெரிய ஓட்டைக்குப் பதில் ஒரு விரல் துளைதான் இருக்கும்.

பாதி கோதுமை மாவு போட்டால் தண்ணீர் 15 கிராம் கூட. இரண்டு நிமிடம் கலக்கவிட்டு மெஷினை நிறுத்தி, அரை மணி ஊறவிட்டு மறுபடி ஆரம்பித்தால் தவிடு இளகுகிறது. அவ்வளவுதான் அதில்.

31-வது பிரெட்டை மாஸ்டருக்குக் கொடுத்தனுப்பினேன். "உப்பு ஒரு சிட்டிகை பத்தல" என்று பதில் வந்தது, பாத்திரம் காலியாகத்தான் வந்தது. அடுத்தது ராகி. 50 கிராம் வரை தாங்கியது, 100 போட்டதும் பழையபடி செங்கல். 70 கிராமில் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும்.