சக்கரம்

ஜூலை 3
கணவாய்க் காற்று வார்டு ஜன்னலை உலுக்கிக்கொண்டே இருக்கிறது. அம்மாவின் ரிப்போர்ட் வரவில்லை.

ஜூலை 4
நான் எழுதும் மஞ்சள் விலைச் செயலியைத் திறந்ததும், விவசாயி விரலால் இழுக்காமலே பட்டியல் புதுப்பித்துக்கொள்ள வேண்டுமாம். புதுப்பிக்கும்போது சுற்றும் சக்கரமும் தெரிய வேண்டுமாம். ஐபோனில் சக்கரத்தைத் தொடங்கும் பிகின்ரிஃப்ரெஷிங் கட்டளையைக் கொடுத்தேன். சக்கரம் சுற்றுகிறது. சர்வருக்கு ஒரு கோரிக்கையும் போகவில்லை. விரல் இழுத்தால்தான் வேல்யூசேஞ்ச்டு நிகழ்வு எழும். நிரலிலிருந்து தொடங்கினால் எழாது. சென்ட்ஆக்‌ஷன்ஸ் வழியாக அதை நாமே எழுப்பலாம், அல்லது விலையைக் கொண்டுவரும் ஃபங்ஷனை நேரடியாகக் கூப்பிடலாம். எனக்கு இரண்டாவதுதான் சரி. இரண்டையும் சேர்த்துச் செய்தால் கோரிக்கை இரட்டிப்பாகும். 2012இல் ஐஓஎஸ் 6-உடன் வந்தது ஐபோனின் இந்த இழுத்துப் புதுப்பிக்கும் கருவி. படமாகச் சுற்றுவது ஒன்று, போய்க் கேட்பது வேறொன்று என்று அன்றே பிரித்துவிட்டார்கள்.

அம்மா தூங்கவில்லை. "சாப்பிட்டாயா சாமி?" என்று என்னைக் கேட்கிறார்.

ஜூலை 5
ரிப்போர்ட் நாளை என்கிறார்கள்.

ஜூலை 6
ஆண்ட்ராய்டிலும் அதே கதை. செட்ரிஃப்ரெஷிங் வளையத்தைக் காட்டும், விலையைக் கொண்டுவரும் ஆன்ரிஃப்ரெஷைக் கூப்பிடாது. இரண்டு வகை போனுக்கும் ஒரே நிரலில் செயலி எழுத உதவும் ஃபிளட்டரில் மட்டும் ஷோ என்று சொன்னால் வளையமும் வருகிறது, வேலையும் நடக்கிறது. பொறாமையாக இருக்கிறது.

மாமா கோபியிலிருந்து வந்தார். விற்காத விரலி மஞ்சள் மூட்டைகள் இன்னும் கிடங்கில். கட்டிலருகே உட்கார்ந்து பட்டியலை இழுத்துக்கொண்டே இருந்தார். "இன்றைய ஏலம் முடிந்துவிட்டது மாமா, இழுத்தால் விலை ஏறாது" என்றேன். "தெரியும் மாப்பிள்ளை" என்றார். மறுபடி இழுத்தார். கிழங்கு மஞ்சள் விலையையும் பார்த்தார், அவரிடம் அது இல்லாவிட்டாலும்.

ஜூலை 7
சக்கரத்தை நிறுத்தும் எண்ட்ரிஃப்ரெஷிங்கைக் கோரிக்கை தோற்றாலும் கூப்பிட வேண்டும். மருத்துவமனை வைஃபையில் இணைப்பு அறுந்தால் சக்கரம் நிற்பதே இல்லை. நல்ல சோதனைக்கூடம்தான்.

ஜூலை 8
ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அம்மாவுக்கு ரசம் சோறு இறங்கியது.

ஜூலை 9
கவுண்டரில் "சிஸ்டத்தில் இன்னும் ஏறவில்லை" என்றார்கள். திரையை என் பக்கம் திருப்பியும் காட்டினார்கள். அதில் ஒரு சக்கரம். "ஆய்வகத்தில் யாராவது கேட்டீர்களா?" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. அந்தப் பெண் அப்போதுதான் போனை எடுத்தார். நேற்று மாலையே தயாராம். வாங்கப் போகிறேன், மாமாவை அம்மாவிடம் உட்காரச் சொல்லிவிட்டு