மண்ணில் தேடுவதும் கழிப்பதும்

மண்ணிலிருந்து புதிய ஆன்டிபயாடிக் தேடும் ஆய்வகத்தில் பணியாற்றுகிறேன் என்றால், கேட்பவர்கள் கண்டுபிடிப்பைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். எங்கள் உழைப்பில் பெரும்பகுதியோ, கிடைத்திருப்பது ஏற்கெனவே தெரிந்த பொருள்தானா என்று பார்ப்பதிலேயே கழிகிறது.

மண்ணை உலர்த்தி, மிதமாகச் சூடாக்கி, வேகமாகப் பெருகும் பாக்டீரியாக்களைக் குறைத்த பின், நீரில் படிப்படியாகக் கரைத்து அகார் தட்டுகளில் பரப்புகிறோம். நாங்கள் தேடுவது ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற, ஆன்டிபயாடிக்குகளைச் சுரக்கும் மண் பாக்டீரியாவை; அது நிதானமாகவே வளரும். ஒரு வாரத்துக்கு மேல் பொறுத்திருந்தால், சுண்ணாம்புப் பொடி தூவியதுபோல் வறண்ட குழுமங்கள் தோன்றும். மூடியைத் திறந்ததும் மழை பெய்த மண்ணின் வாசனை எழும் (அந்த வாசனைக்குரிய ஜியோஸ்மினை உண்டாக்குபவையும் இவையே). இவற்றை ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற நோய்க்கிருமி பரப்பிய தட்டில் வைத்து, மறுநாள் சுற்றிலும் அந்தக் கிருமி வளராத தெளிந்த வளையம் விழுந்திருந்தால், புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் பூரித்துப்போவார்கள். நான் அந்த வளையத்தை உடனே நம்புவதில்லை. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் வாக்ஸ்மனின் ஆய்வகம் 1942-இல் ஸ்ட்ரெப்டோத்ரைசின் என்ற ஆன்டிபயாடிக்கையும், மறு ஆண்டு ஸ்ட்ரெப்டோமைசினையும் இவ்வகை மண் பாக்டீரியாக்களிலிருந்து பிரித்தெடுத்ததைத் தொடர்ந்து, மருந்து நிறுவனங்கள் பல பத்தாண்டுகள் இதே முறையில் உலகெங்கும் மண்ணைச் சலித்திருக்கின்றன. எளிதில் அகப்படுபவை பெரும்பாலும் அகப்பட்டுவிட்டன. மண்ணில் கிடைக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று ஸ்ட்ரெப்டோத்ரைசினைச் சுரக்கும் என்பது துறையில் வழங்கும் கணக்கு. ஆகவே சாற்றை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் செலுத்தி, மூலக்கூறின் நிறையைத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் பழையவற்றைக் கழிப்பதே முதல் வேலை. கழிக்கத் தெரிந்தவரே இங்கு நல்ல ஆய்வாளர் என்பது என் எண்ணம். ஆய்வுக் கட்டுரைகளில் அந்தத் திறமைக்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படுவதில்லை.

வழக்கமான தட்டில் வளரவே வளராத மண் பாக்டீரியாக்களை அதே மண்ணுக்குள் வைத்து வளர்க்கும் ஐசிப் கருவியின் உதவியால் டெய்க்ஸோபாக்டின் என்ற புதிய ஆன்டிபயாடிக் கிடைத்த செய்தி 2015-இல் வெளிவந்தது. ஆனால் அது க்ளெப்சியெல்லா போன்ற கிராம்-நெகடிவ் பாக்டீரியாக்களிடம் பலிக்கவில்லை. அவற்றின் வெளிச்சவ்வு பெரிய மூலக்கூறுகளை உள்ளே விடுவதில்லை. மருத்துவமனைகளில், மற்ற மருந்துகள் பலிக்காதபோது கொடுக்கும் கார்பபீனெம் வகை ஆன்டிபயாடிக்குகளுக்கும் அடங்காமல் நிற்பது அந்தக் க்ளெப்சியெல்லாதான்.

இந்த நிலையில்தான், சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று 1940-களிலேயே ஒதுக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோத்ரைசினை பாஸ்டனில் ஒரு குழு மீண்டும் ஆராய்ந்தது. ஸ்ட்ரெப்டோத்ரைசின் என்பது ஒரே பொருளன்று, பல வகைகளின் கலவை. அதில் எஃப் வகையின் நச்சுத்தன்மை டி வகையினுடையதைவிடக் குறைவு என்றும், மருந்துகளுக்கு அடங்காத க்ளெப்சியெல்லாவை அது கொல்கிறது என்றும் 2023-இல் அக்குழு காட்டியது. அதனால் எங்கள் கழிக்கும் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிட்டோம். ஸ்ட்ரெப்டோத்ரைசின் சுரக்கும் குழுமம் அகப்பட்டால், எந்த வகை மிகுந்திருக்கிறது என்று பார்த்து, எஃப் மிகுந்தவற்றைக் கிளிசராலில் கலந்து உறைநிலைப் பெட்டியில் சேமித்துவருகிறோம்.