பிளெண்டரில் டூன் ஷேடிங்: சிக்கல் முகத்தில்தான்

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் உருவத்தைக் கார்ட்டூன் போலத் தட்டையான நிறங்களில் காட்டுவதுதான் டூன் ஷேடிங். ஒளியை நிறமாக மாற்றும் ஷேடர் டு ஆர்ஜிபி நோடைப் போட்டு, அந்த நிறத்தைப் படிகளாகப் பிரிக்கும் கலர் ரேம்ப்பை கான்ஸ்டன்ட் ஆக்கினால் போதும், கார்ட்டூன் வந்துவிடும் என்று பல டுடோரியல்கள் சொல்லும். பந்துக்கு வரும். முகத்துக்கு வராது.

முதலில் அடிப்படை. டிஃப்யூஸ், ஷேடர் டு ஆர்ஜிபி, கலர் ரேம்ப், எமிஷன் என்ற வரிசை. பிளெண்டரின் ஈவி ரெண்டர் எஞ்சினில் மட்டும்தான் ஓடும், இன்னொரு எஞ்சினான சைக்கிள்ஸில் ஓடாது. டிஃப்யூஸ் நிறத்தை முழு வெள்ளையாக்கி, சன் லைட்டை 3.14க்கு வைத்து, வேர்ல்டை (பின்னணி ஒளியை) கறுப்பாக்கிவிடுங்கள். அப்போது ரேம்ப்புக்கு வரும் எண், நார்மலுக்கும் (பரப்பு பார்க்கும் திசை) ஒளிக்கும் உள்ள கோணத்தின் கோசைன். 0.5இல் கோடு போட்டால் நிழல் 60 டிகிரியில் தொடங்கும். வேர்ல்டில் துளி சாம்பல் இருந்தாலும் கோடு நகர்ந்துவிடும். நிழல் ஓரம் பல்பல்லாகத் தெரிந்தால் லீனியருக்கு மாற்றி இரண்டு ஸ்டாப்புகளை 0.01 இடைவெளியில் வையுங்கள். நிறம் திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்று முடிவு செய்யும் வியூ டிரான்ஸ்ஃபார்மை ஸ்டாண்டர்டுக்கு மாற்ற மறக்காதீர்கள், பிளெண்டர் 4.0 முதல் தானாக வரும் ஏஜிஎக்ஸ், நாம் கொடுத்த நிறத்தை வெளுக்க வைக்கும். கட்டம் போட்ட லுங்கி மாதிரி டெக்ஸ்ச்சர் இருந்தால் ரேம்ப்புக்குப் பின்னால் மல்டிப்ளை செய்யுங்கள், முன்னால் கொடுத்தால் கட்டமே நிழலாகிவிடும்.

இனி முகம். மூக்கு, கன்னம், உதட்டோரம் என்று ஒவ்வொரு மேடும் தனக்கென ஒரு நிழல் திட்டு போடும். பார்க்க அழுக்கு அப்பியது போல இருக்கும். ரேம்ப்பை எவ்வளவு நகர்த்தினாலும் தீராது, ஏனென்றால் கோளாறு நார்மலில். தலையை மூடும் அளவுக்கு ஒரு ஸ்மூத் கோளம் வைத்து, கோளத்தின் நார்மலை முகத்துக்கு மாற்ற, முகத்தின் டேட்டா டிரான்ஸ்ஃபர் மாடிஃபையரில் ஃபேஸ் கார்னர் டேட்டா, கஸ்டம் நார்மல்ஸ், நியரஸ்ட் ஃபேஸ் இன்டர்போலேட்டட் என்று தேர்ந்தெடுங்கள். வெர்டெக்ஸ் குரூப் (தேர்ந்தெடுத்த புள்ளிகளின் தொகுப்பு) கொடுத்து முகத்தோடு நிறுத்தி, கழுத்துப் பக்கம் வெயிட்டைப் படிப்படியாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் தாடைக்குக் கீழே வெட்டு விழும். கோளத்தைத் தலை எலும்போடு கட்டி, மாடிஃபையரை, எலும்புகளால் உருவத்தை அசைக்கும் ஆர்மேச்சர் மாடிஃபையருக்குக் கீழே வையுங்கள். இதைச் செய்யாமல் தலையை அசைத்தால் முகத்தின் நிழல் இடம் தவறிவிடும். 4.1க்கு முந்தைய பதிப்பு என்றால் ஆட்டோ ஸ்மூத்தும் வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் மூக்கு நிழல் தெரிந்தால் அது மூக்கு ஒளியை மறைப்பதால் விழும் நிழல், நார்மலுக்குக் கட்டுப்படாது. லைட்டில் ஷேடோவை அணைத்துப் பாருங்கள்.

மாநிறத் தோலுக்கு நிழலைக் கறுப்பால் மல்டிப்ளை செய்வது நம் ஊர் பாத்திரங்களைக் கெடுக்கும் பழக்கம். முகம் கரி பூசியதாகிவிடும். ஹியூவை (நிறச் சாயல்) சிவப்புப் பக்கம் 0.03 நகர்த்தி, சாச்சுரேஷனை (நிறச் செறிவு) கொஞ்சம் ஏற்றி, வேல்யூவை (வெளிச்சம்) மூன்றில் இரண்டு பங்காக்கினால் தோல் தோலாக இருக்கும். சென்னை மெரினா கடற்கரைக் காட்சி என்றால் இன்னொன்று: வெயில் காலையில் கடல் பக்கமிருந்தும் மாலையில் ஊர்ப் பக்கமிருந்தும் வரும். மாலையில் கடலைப் பார்த்து நிற்பவரின் முகம் முழுக்க நிழல் நிறம்தான். அங்கே நிழல் கோட்டைத் தேடாமல் காதோரம் ஒரு ரிம் லைட் (பின்னாலிருந்து ஓரத்தை மட்டும் ஒளிர வைக்கும் விளக்கு) போதும்.

உருவத்தைச் சுற்றிய கறுப்பு அவுட்லைனுக்கு, தடிமன் சேர்க்கும் சாலிடிஃபை மாடிஃபையர்: ஆஃப்செட் 1, ஃப்ளிப் நார்மல்ஸ், மெட்டீரியல் ஆஃப்செட் 1, கறுப்பு மெட்டீரியலில் பேக்ஃபேஸ் கல்லிங் (பின்பக்கம் காட்டும் பரப்பை மறைப்பது). 1.6 மீட்டர் உருவத்துக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமன் சரி. உதடு, விரல் இடுக்கில் வெர்டெக்ஸ் குரூப்பால் மெலிதாக்குங்கள். கோடு ஒரு பக்கம் தடித்துத் தெரிந்தால் ஸ்கேலை அப்ளை செய்யவில்லை என்று அர்த்தம். 4.2க்கு மேல் உருவம் முழுக்க இருண்டால், கல்லிங்கில் கேமராவை மட்டும் டிக் செய்திருப்பீர்கள். ஷேடோவையும் டிக் செய்யுங்கள்.