இடது கை சும்மா இருந்திருக்கிறது

லேப்ராஸ்கோபி (வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, திரையைப் பார்த்தபடி நீளக் கருவிகளால் செய்யும் அறுவை சிகிச்சை) பயிற்சிப் பெட்டியில் ஆறு ரப்பர் துண்டுகளை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி முளைகளில் மாட்ட வேண்டும். பார்க்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு. ஆனால் கையை வலப்பக்கம் நகர்த்தினால் திரையில் கருவியின் நுனி இடப்பக்கம் போகும்!

இன்று நேரம் குறைந்ததில் எனக்கு ஒரே குஷி. அப்புறம் சென்சார் கணக்கைப் பார்த்தேன். நுனி அலைந்த தூரம் குறையவே இல்லை. இடது கை பாதி நேரம் சும்மா நின்றிருக்கிறது. சீனியர்கூட இதைச் சொன்னதில்லை.

2002இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வில், மெய்நிகர் கருவியில் பழகியவர்கள், பழகாதவர்களைவிட, பித்தப்பையைப் பிரித்தெடுப்பதை 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள், தவறுகளும் மிகக் குறைவு. பங்கேற்றவர்கள் 16 பேர்தான், இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வருகிறது.

நிஜ அறுவை சிகிச்சையில் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் இந்தப் பெட்டி கேட்பதே இல்லை.

சரி, நாளைக்கு இடது கையால் மட்டும்.