வெண்டி காய்க்கும் வரை தவணை காத்திராது

மட்டக்களப்பு மாவட்டத்தில் களுதாவளை, தேத்தாத்தீவு, செட்டிபாளையம் பக்கத்து மணல் தோட்டங்களில் கால் ஏக்கர், அரை ஏக்கர் செய்பவர்களிடம் போனால் முதலில் கேட்கவேண்டியவை இரண்டு: காணி யாருடையது? கடனுக்கு எந்தக் கிழமை காசு கட்டவேணும்? இலையைத் திருப்பிப் பூச்சி பார்ப்பது அதற்குப் பிறகுதான். இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் சொல்லும் ஆலோசனை பெரும்பாலும் அன்றோடு மறந்துபோகும்.

வெண்டி விதை போட்டு 45 முதல் 50 நாளில் முதல் காய் ஆயலாம். கத்தரிக்கு நாற்றுமேடையில் நான்கு கிழமை, நட்ட பிறகு ஏறத்தாழ இரண்டு மாதம். மிளகாயும் அவ்வளவு எடுக்கும். ஆனால் கிழமைத் தவணைக் கடனோ, எடுத்த அடுத்த கிழமையே வாசலில் வந்து நிற்கும். வெண்டிக்காரர் ஒரு காய்கூட விற்காமல் ஆறேழு தவணை கட்டவேண்டும். அந்தக் காசு வருவது மூன்று வழியில்: நகை அடகு, கூலி வேலை, வியாபாரியிடம் முற்பணம். மூன்றிலும் கடைசிதான் அதிகம் கெடுக்கிறது. முற்பணம் வாங்கியவர் அந்த வியாபாரிக்கே காயைக் கொடுக்கவேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். நூறு கிலோவுக்கு இத்தனை கிலோ கழிவு என்று வெட்டினாலும் வாய் திறக்க முடியாது.

இந்தக் கிழமைத் தவணை நுண்கடன் பெரும்பாலும் பெண்களின் பெயரில், குழுப் பிணையில் கொடுக்கப்படுகிறது. ஒருவர் தவறினால் மற்றவர்கள் கட்டவேண்டும். அயலில் தலைகுனியக்கூடாது என்ற பயம் தோட்டத்துக்குள்ளும் வந்துவிடுகிறது. கத்தரியில் தண்டு, காய் துளைப்பானுக்கு மருந்து அடித்தால் போத்தலில் எழுதியுள்ள நாட்கள் கழியும்வரை காய் பறிக்கக்கூடாது. இது தெரியாமல் யாரும் பறிப்பதில்லை. வெள்ளிக்கிழமை தவணை என்றால் வியாழன் காய் சந்தைக்குப் போய்விடும். இதை அறியாமை என்று எழுதும் அறிக்கைகளை வாசிக்க மனது பொறுப்பதில்லை. புழு துளைத்து வாடிய நுனித்தண்டுகளை மூன்று நாளுக்கு ஒருமுறை கிள்ளி, தோட்டத்துக்கு வெளியே ஆழமாகப் புதைத்து வந்தால் மருந்தின் தேவையே குறையும். அதற்கு ஆள்வேலை வேண்டும். வீட்டு இளைஞன் கட்டாரில் நிற்கும்போது அந்த வேலை முழுவதும் மனைவி, தாயின் கைக்குத்தான் வருகிறது.

உதவக்கூடிய வழி ஒன்று உண்டு. கால் ஏக்கர் என்றால் 40 பேர்ச்சஸ். அதில் ஐந்து பேர்ச்சஸை மூன்று துண்டாக்கி, பத்து நாளுக்கு ஒரு துண்டாக முளைக்கீரை போடவேண்டும். 25 முதல் 30 நாளில் பிடுங்கலாம். கடன் எடுப்பதற்கு மூன்று கிழமைக்கு முன்னரே முதல் துண்டு விதைத்திருக்கவேண்டும். பலர் இந்த இடத்தில்தான் பிழை விடுகிறார்கள்: கடன் கிடைத்த காசில்தான் கீரை விதையே வாங்குகிறார்கள். கீரைக்குப் பின்னால் பயிற்றை, அதற்குப் பின்னால் கத்தரி என்று வருமானத்தை அடுக்கலாம். ஐப்பசி முதல் தை வரை இந்தக் கணக்கு ஓடாது. மாரி மழை விதையை அடித்துக்கொண்டு போய்விடும்.

மணலில் காலை, மாலை இரண்டு நேரமும் தண்ணீர் வேண்டும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனபோது பம்ப் வைத்திருந்தவர்களுக்கு முதலில் தோன்றியது ஒருநேரத் தண்ணீரை நிறுத்துவதுதான். அப்படிச் செய்தால் பூ உதிரும், வெண்டி சீக்கிரம் நார் பிடிக்கும், இரண்டாம் தரத்துக்கு இறங்கும். உரத்திலும் இதே கதைதான். 2021 மே மாதம் வந்த இரசாயன உர இறக்குமதித் தடை நவம்பரில் நீங்கினாலும் விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. காசு கிடைத்த நாளில் முழு யூரியாவையும் ஒரேயடியாகப் போடுகிறார்கள். மணல் அதைப் பிடித்து வைக்காது. இரண்டு நாள் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். அதே அளவை இரண்டு கிழமைக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால்தான் வேருக்குப் போகும்.

மணலைத் திருத்த மாட்டெரு வேண்டும், கால் ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு தொன். ஒரு போகத்துக்கு வாய்ச்சொல்லில் குத்தகை எடுத்தவர் அதை எதற்குப் போடுவார்? அதன் பலன் அடுத்த குத்தகைக்காரருக்குத்தான். பழமரமும் அப்படியே. பப்பாசி காய்க்க எட்டு, ஒன்பது மாதம், ஒட்டு மா மூன்று நான்கு வருடம். குறைந்தது மூன்று வருடத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத காணியில் பழக்கன்று கொடுப்பது கன்றை வீணாக்குவது.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் காணி விரிந்து கிடக்கிறது. 2014 இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்தபின் காயைக் கொண்டுவருவதும் இலகு. ஆனால் வாழை குலை தள்ளினால் யானை வரும், இரவெல்லாம் காவல்.

ஆகவே பழத்துக்கு மிஞ்சுவது வீட்டு வளவு. மட்டக்களப்பில் வீடும் வளவும் மகளுக்குச் சீதனம், அதனால் அந்த நிலம் பெண்ணுடையது. மகள்மாருக்குப் பிரித்துப் பிரித்து அது பத்து பேர்ச்சஸ் ஆகியிருக்கலாம். அதிலும் கிணற்றடியில் இரண்டு பப்பாசி, ஒரு தேசி, வேலியில் முருங்கை நிற்கும். பப்பாசியை ஒன்றரை அடி மேட்டில் நடவேண்டும். மாரித் தண்ணீர் இரண்டு நாள் நின்றாலே வேர் அழுகும். இதைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்குக் கணவனின் பெயரில் அழைப்பு வருகிறது, நேரம் காலை பத்து மணி. அவர் வந்து கையெழுத்து வைப்பார். மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுபவர் அப்போது அடுப்படியில் இருப்பார். மாலை மூன்று மணிக்கு, வளவுக்குள்ளேயே, அயல்வீட்டுப் பெண்கள் ஐந்தாறு பேரைச் சேர்த்து அந்த வகுப்பை வைத்தால் மேடு அன்றைக்கே வெட்டப்படும்.